அண்ணியின் கைகளும் ஆபீஸ் துணியும்

அண்ணி குழாயை முழங்கையால்தான் திறப்பார். எங்கள் வீட்டுக் குழாய் திருகுகிற குழாய் இல்லை, தூக்குகிற பிடி வைத்தது. பிடிக்குக் கீழே முழங்கையைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்புவார், தண்ணீர் வரும். மூடுவதற்கு மேலிருந்து ஓர் அழுத்து. தாழ்ப்பாளுக்கும் முழங்கைதான், விளக்கு சுவிட்சுக்கும் முழங்கைதான். முதல் வருஷம், கை ஈரமாக இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் வருஷமும் அப்படியே நினைத்தேன். வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை நான். மூன்றாம் வருஷம் ஒரு நாள் தட்டை வாங்கும்போதுதான் அண்ணியின் உள்ளங்கை கண்ணில் பட்டது. ஜன்னலோரம் கிடந்து காய்ந்த சோப்புக் கட்டி போல நெடுக வெடித்திருந்தது.

"என்ன பாப்பா, இன்னிக்குத்தான் பார்க்கறியா?" என்றார் அண்ணி. எனக்கு நாற்பத்தொரு வயது. இந்த வீட்டில் இன்னும் பாப்பாதான்.

அண்ணி அப்போது வேலைக்குப் போகாமல் இருந்தார். அதற்கு முன் மாணவர் விடுதிச் சமையலறையில் மாவு பிசைகிற வேலை. நானூறு பேருக்கு ரொட்டி. பிசைவதற்கு மெஷின் உண்டு. மெஷின் பிசைந்து முடித்ததை அண்ணி ஒரு தடவை கையால் அழுத்திப் பார்த்து, மெஷினுக்கு மார்க் போடுவார். பெரும்பாலும் ஃபெயில்தான். அதன்பின் அவரே பிசைவார். விடுதியில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மாவு அக்கா வந்தாச்சா?" என்பார்கள். வந்தாச்சு என்றால் அடுப்பைப் பற்ற வைப்பார்கள்.

உள்ளங்கை வெடித்ததும் சமையலறை மேற்பார்வையாளர் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, "கை ஆறட்டும்மா. ஆறினதும் வந்துடு. உன் இடத்தை நான் யாருக்கும் கொடுக்கல. தற்காலிகமா ஒருத்தரைப் போட்டிருக்கேன், அவ்வளவுதான்" என்றார். தற்காலிகமாக வந்தவர் இரண்டு வருஷத்தை முடித்துவிட்டார். அண்ணிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கை ஆற வேண்டும், தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

டாக்டர் மேஜையின் அந்தப் பக்கத்தில் இருந்தபடியே கையைப் பார்த்து, "சோப்பு ஒத்துக்கலை" என்றார். களிம்பு எழுதிக் கொடுத்தார். அண்ணி களிம்பைத் தடவிக்கொண்டு சோப்பை மாற்றினார். மொத்தம் ஐந்து சோப்பு மாற்றினார். ஐந்தாவது, கைக்குழந்தைகளுக்கானது. வாசனை நன்றாக இருந்தது. கை அப்படியே இருந்தது.

அண்ணன் கூலிக்குக் களை மருந்து அடிக்கிறவர். பழத்தோட்டங்களில் மரவரிசைகளுக்கு நடுவே முளைக்கிற களைதான் அவருடைய பிழைப்பு. முதுகில் டேங்க், கையில் குழல். டேங்கின் மூடி நெடுநாளாகச் சரியாகப் பொருந்தாது. நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வழியும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சட்டை முதுகும் கால்சட்டையின் பின்பக்கமும் நனைந்து ஒட்டியிருக்கும். "வேர்வை" என்பார். கையில் மட்டும் ரப்பர் உறை உண்டு, தோட்டக்காரர் கொடுத்தது. அதைக் கழற்றினால் அண்ணனின் கை ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிறவர் கை மாதிரி இருக்கும்.

அந்தத் துணியைக் குளியலறை வாசலில் உள்ள நீல வாளியில் போடுவார். அண்ணி இரண்டு நாள் துணியைச் சேர்த்து ஒரே வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கையால் கசக்குவார். பிரஷ் போட்டால் நூல் விட்டுப்போகும் என்பது அவர் கட்சி. முதுகுப் பக்கத்தை மட்டும் உள்ளங்கையை வைத்து நாலு தடவை தேய்ப்பார்.

ஒருமுறை அண்ணியே கேட்டிருக்கிறார், "ஏங்க, ஒருவேளை உங்க மருந்தா இருக்குமோ?"

"அடிக்கிற எனக்கே ஒண்ணும் ஆகல. துவைக்கிற உனக்கு ஆயிடுமா?" என்றார் அண்ணன். எங்கள் வீட்டில் அது நியாயமான பதிலாகவே பட்டது. அண்ணி நான்காவது சோப்பிலிருந்து ஐந்தாவதுக்குப் போனது அதன்பிறகுதான்.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் வேன் வந்தது. வேனின் பக்கவாட்டில் அலுவலகத்தின் பெயர் இரண்டு வரிக்கு எழுதியிருக்கும். யாரும் முழுக்கப் படித்ததில்லை. நாங்கள் ஆபீஸ் என்போம். அதிலிருந்து இறங்கிய அம்மாவை மருந்தடிக்கிறவர்கள் எல்லாரும் அளவு மேடம் என்றார்கள். எதைப் பார்த்தாலும் அளந்து எழுதிக்கொள்வார். எங்கள் வீட்டுக்குள் வந்ததும் முதலில் அண்ணனின் உயரத்தை அளந்தார்.

பிறகு விளக்கினார். அண்ணன் அடிக்கிற மருந்துக்குக் கொடுத்த அனுமதி முடியப்போகிறது. புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வேண்டும்.

"ஒரு மருந்து எவ்வளவு விஷம்ங்கறது ஒரு கேள்வி. அது மனுஷன் மேல எவ்வளவு படுதுங்கறது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு எங்ககிட்ட பதில் இருக்கு. ரெண்டாவதுக்குத்தான் உங்ககிட்ட வந்திருக்கோம்."

பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று நாள். வழக்கமாகப் போடுகிற சட்டைக்கு உள்ளே, ஆபீஸ் கொடுக்கிற வெள்ளைப் பருத்தி முழுக்கைச் சட்டையும் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, எப்போதும் போல மருந்தடிக்க வேண்டும். சாயங்காலம் அந்த வெள்ளைத் துணியைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். ஆபீசில் அதைக் கை, கால், மார்பு, முதுகு என்று தனித்தனியாக வெட்டி, எந்த இடத்தில் எவ்வளவு மருந்து ஊறியிருக்கிறது என்று மெஷினில் பார்ப்பார்கள். ஊறியது ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் சாதாரண முழுக்கைச் சட்டை போதும் என்று டப்பாவில் அச்சடிப்பார்கள். மேலே போனால் வேறு கவசம் கேட்பார்கள், அல்லது முதுகு டேங்கில் அந்த மருந்தே கூடாது என்பார்கள்.

"முக்கியமா, துணியைத் தண்ணி பக்கமே கொண்டு போகக் கூடாது" என்றார் மேடம். அண்ணன் தலையாட்டினார். நான் கதவோரம் பட்டன் ஓட்டை தைத்துக்கொண்டிருந்தேன். வீட்டிலிருந்தே ஒரு துணிக் கம்பெனிக்கு அந்த வேலை செய்கிறேன். மேடம் சொன்னது எனக்கும் கேட்டது. அண்ணிக்குக் கேட்கவில்லை. அவர் பின்கட்டில் துவைத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் காலையில் அண்ணன் வெள்ளைத் துணியைப் போட்டுக்கொண்டு நின்றதை அண்ணி மேலும் கீழும் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து தப்பிச்சு வந்த மாதிரி இருக்கீங்க."

"இது ஆராய்ச்சி."

"அப்போ பைத்தியக்கார ஆஸ்பத்திரி."

இரண்டு நாள் சாயங்காலமும் வேன் தோட்டத்துக்கே போய்த் துணியை வாங்கிக்கொண்டது. மூன்றாம் நாள் மழை. வேறொரு தோட்டத்துச் சேற்றில் வேன் சக்கரம் புதைந்துவிட்டது. மேடம் அண்ணனுக்கு ஃபோன் செய்து, துணியைக் கழற்றி வெள்ளித்தாள் பையில் போட்டு வாயை அழுத்தி மூடி வீட்டில் நிழலில் வைக்கச் சொன்னார். காலை எட்டு மணிக்கு டிரைவர் வந்து வாங்கிக்கொள்வார். அண்ணன் சொன்னபடியே செய்தார். ஆனால் வீட்டில் துணி வைக்கிற இடம் என்று அவருக்குத் தெரிந்தது நீல வாளிப் பக்கம் ஒன்றுதான். பையை அங்கே வைத்துவிட்டு, "ஆபீஸ் துணி. காலையில எட்டு மணிக்கு டிரைவர் வருவார்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் படுத்தார்.

விடிந்ததும் பல் தேய்க்கப் போனேன். அண்ணி வெள்ளைச் சட்டையை முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்.

"அண்ணி, அது ஆபீஸ் துணி."

"தெரியும். எட்டு மணிக்குள்ள காயணுமே."

"இல்ல, அதை..."

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

பிழிந்தாகிவிட்டது. இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். உண்மையில், பிழிவதற்கு முன்பே பார்த்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. அண்ணி அரைகுறையாகக் காய்ந்த துணிக்கு இஸ்திரி போட்டு ஈரத்தை எடுத்தார். கையை உள்ளே மடித்து, கடையில் வைக்கிற மாதிரி சதுரமாக்கி, வெள்ளித்தாள் பையில் வைத்து வாயை அழுத்தினார். டிரைவர் எட்டு மணிக்கு வந்தார். பையைப் பிரிக்காமல் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார்.

ஒன்றரை மாதம் கழித்து மேடம் மறுபடி வந்தார். இந்தத் தடவை கேமராவும் கொண்டுவந்திருந்தார். அண்ணி எல்லாருக்கும் டீ கொடுத்தார்.

"உங்க முதல் ரெண்டு நாள் துணியும் மத்தவங்க துணி மாதிரிதான். முதுகெல்லாம் ஊறிப் போயிருக்கு" என்றார் மேடம். "மூணாவது நாள் துணியில கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல. அதே மருந்து, அதே டேங்க். அன்னிக்கு மட்டும் என்ன மாத்திப் பண்ணீங்க?"

அண்ணனை அதுவரை யாரும் அவருடைய வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"முதல்ல காத்து எந்தப் பக்கம்னு பார்ப்பேன். புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பேன்."

மேடம் எழுதினார்.

"அப்புறம் அவசரப்பட மாட்டேன். டேங்கைத் தூக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குவேன்."

"அது எதுக்கு?"

"ஒரு கட்டுப்பாடு."

அதையும் எழுதினார். "ஆனா இதெல்லாம் முதல் ரெண்டு நாளும் பண்ணியிருப்பீங்களே. மூணாவது நாள் விசேஷமா ஏதாவது?"

அண்ணன் கூரையைப் பார்த்து யோசித்தார். "மூணாவது நாள் மனசு நிதானமா இருந்துச்சு மேடம்."

மேடம் கொஞ்சம் தயங்கிவிட்டு அதையும் எழுதினார். அண்ணனின் முறையை மற்றப் பதினொரு பேருக்கும் சொல்லிக்கொடுக்கலாம், எல்லாருக்கும் இதே அளவு வந்தால் சாதாரணச் சட்டையே போதும் என்று ஆகிவிடும், பயிற்சித் தாளில் அண்ணனின் படத்தைப் போடலாமா என்று கேட்டார். அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

கதவில் சாய்ந்து நின்ற அண்ணியின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். புருஷனுக்குப் பாராட்டு கிடைக்கும்போது இருக்க வேண்டிய முகம் இல்லை அது. தன் சமையலை வேறொருத்தி சமைத்ததாகச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"மேடம், அந்த மூணாவது நாள் துணி சுத்தமா இருந்துச்சா?"

"ரொம்ப சுத்தமா இருந்துச்சும்மா."

"முதுகுப் பக்கம் ஒரு மஞ்சக் கறை இருந்துச்சே. நாலு தடவை தேய்ச்சேன். போயிடுச்சா?"

மேடத்தின் பேனா நின்றது.

"நீங்க துவைச்சீங்களா?"

"பின்னே? உள்ள போடற துணி. வாங்க வர்றவர் ஆம்பளை. அழுக்கா அவர் கையில குடுத்தா நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பார்?"

"இஸ்திரி மடிப்பு மாதிரி இருக்குன்னு லேப்ல ஒருத்தர் சொன்னாங்க. நான்தான் பையில அழுந்தியிருக்கும்னு சொன்னேன்."

"இஸ்திரிதான். கஞ்சி மட்டும் போடல."

அண்ணன் கேமராவைப் பார்த்தார். கேமராவை மேடம் உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். எழுதிய இரண்டு பக்கத்திலும் குறுக்கே ஒவ்வொரு கோடு போட்டார். திட்டவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை.

"அப்போ முதுகுல இருந்த மருந்து எங்க போச்சு?" என்று தனக்குள் கேட்டுக்கொள்வது போலக் கேட்டார்.

"தண்ணியில போயிருக்கும்" என்றார் அண்ணன், கொஞ்சம் சுருக்கமாக.

"தண்ணிக்குள்ள யார் கை இருந்துச்சு?"

அண்ணி டீ டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார். மேடம் அப்போதுதான் அதைப் பார்த்தார்.

"கையைக் காட்டுங்க."

"சோப்பு ஒத்துக்கலை மேடம்."

"எந்த சோப்பு?"

"எதுவும்."

மேடம் பையிலிருந்து ஒரு பெரிய தாளை எடுத்தார். கட்டம் கட்டமாக இருந்தது. மருந்து கலக்குகிறவர், அடிக்கிறவர், பக்கத்து வயலில் நிற்கிறவர், மறுநாள் தோட்டத்துக்குள் போகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம். விரல் வைத்துக் கீழ்வரை படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெற்றுத்தாள்.

"இதுல துவைக்கிறவங்க இல்ல" என்றார்.

"நான் எதுக்கு மேடம் அதுல? நான் வீட்டுல இருக்கறவ."

மேடம் பின்பக்கத்தில் ஒரு கட்டம் போட்டார்.

அடுத்த வாரம் மெல்லிய வெள்ளைப் பருத்திக் கையுறை கொண்டுவந்தார். அண்ணி அதைப் போட்டுக்கொண்டு, இரண்டு நாள் துணியை எப்போதும் போல ஊறவைத்து, எப்போதும் போல அலச வேண்டும். கையில் படுவதெல்லாம் உறையில் ஊறும். உறையை அளப்பார்கள்.

"எப்பவும் பண்றதையே பண்ணுங்க. கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

"நீங்க பார்த்துட்டு நின்னா எப்படிம்மா எப்பவும் போல பண்றது?"

மேடம் திரும்பி நின்றுகொண்டார். துவைத்து முடித்ததும் அண்ணி எழுந்தார், உறை போட்ட கையைக் குழாய்க்குக் கீழே கொண்டு போனார். மேடம் சட்டென்று மணிக்கட்டைப் பிடித்தார்.

"இதையாவது துவைக்காம குடுங்க."

"பழக்கம்" என்றார் அண்ணி.

அதேபோல மற்றப் பதினொரு வீடுகளிலும் செய்தார்கள். ஒன்பது வீட்டில் மனைவி, ஒன்றில் தாயார், ஒன்றில் மட்டும் அவரே துவைத்துக்கொள்கிறவர். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

விவரத்தைச் சொல்ல மேடம் நேரிலேயே வந்தார். "இவர் கையில ரெண்டு நாள்ல பட்டதைவிட உங்க கையில ஒரு வாளித் துணியில அதிகமா பட்டிருக்கு" என்றார் அண்ணியிடம்.

"நான் உறை போடறேன்ல" என்றார் அண்ணன்.

"அதைத்தான் சொல்றேன்."

அண்ணி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அப்போ இது அதனாலதானா? இதை விட்டா ஆறிடுமா? நான் ஹாஸ்டலுக்குப் போகலாமா?"

மேடம் உடனே பதில் சொல்லவில்லை. அந்த ஒன்றில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"எவ்வளவு படுதுன்னு எனக்குச் சொல்லத் தெரியும். வெடிப்பு அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. டாக்டர் சொன்ன மாதிரி சோப்பாவும் இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். மூணு மாசம் இவர் வேலைத் துணியை மட்டும் தொடாம இருந்து பாருங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். சோப்பைக்கூட மாத்தாதீங்க."

வேன் கிளம்பிப் போனது.

"அப்போ என் துணியை யார் துவைக்கறது?" என்றார் அண்ணன். என் பக்கம் ஒரு பார்வை வந்தது. நான் பட்டன் ஓட்டையைப் பார்த்தேன்.

"பாப்பாவுக்கு மட்டும் கை இரும்பா?" என்றார் அண்ணி.

"நாள் முழுக்க டேங்கைச் சுமந்துட்டு வந்து நான் துவைக்கணுமா?"

"அன்னிக்கு மனசு நிதானமா இருந்துச்சுன்னு சொன்னீங்களே. அதே நிதானத்தோட துவைங்க."

அண்ணன் துவைத்தார். வேலைக்குப் போடுகிற ரப்பர் உறையைப் போட்டுக்கொண்டு, துணியை வாளியில் முக்கி எடுத்து, முக்கி எடுத்து, கொடியில் போட்டார். பிழிவது என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவில்லை. அண்ணி வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். காலரைப் பிடியுங்கள், உள்பக்கம் திருப்புங்கள், இது துவைக்கிறதா, குளிப்பாட்டுகிறதா என்று. அண்ணன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. பயிற்சித் தாளில் படம் வராமல் போன துக்கம் அவருக்கு அப்போதும் இருந்தது.

ஐந்தாவது வாரம், அண்ணன் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அண்ணி கொடியிலிருந்து அவர் சட்டையை எடுத்து வாளியில் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்தேன். முதுகில் பழுப்பாக ஒரு திட்டு இருந்தது. அக்கம்பக்கம் பார்க்கிற மாதிரி அது தொங்குவதை அண்ணியால் தாங்க முடியவில்லை.

"பார்த்துட்டியா பாப்பா?"

"பார்த்தேன்."

"மேடம்கிட்ட சொல்லுவியா?"

வழக்கமாக நான் சொல்கிற 'ஒண்ணுமில்ல' வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

"அண்ணி, உங்களுக்கு ஹாஸ்டல் வேலை வேணுமா, இந்தச் சட்டை வெளுக்கணுமா?"

அண்ணி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இல்லை. வீட்டில் புதிதாக யாரோ வந்திருப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். சட்டையை வாளியிலேயே விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அவரே மேடத்துக்கு ஃபோன் செய்து ஒப்புக்கொண்டார். மேடம் நாட்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னார். ஐந்து வாரம் வீண். அதற்குப் பிறகு அண்ணி வேலைத் துணி காய்கிற பக்கம் போவதையே விட்டுவிட்டார். பின்கட்டு ஜன்னலுக்கும் ஒரு திரை போட்டுக்கொண்டார். அதைத் தைத்துக் கொடுத்தது நான்.

இரண்டாம் மாத முடிவில் வலது உள்ளங்கை மூட ஆரம்பித்தது. மூன்றாம் மாதம் அண்ணி விடுதிக்குப் போய் மேற்பார்வையாளரிடம் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். அவர் வலது கையை ரொம்ப நேரம் பார்த்தார், இடது கையை அதைவிட ரொம்ப நேரம் பார்த்தார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

ஆபீஸ் அறிக்கை போன வருஷம் வந்தது. மேடம் ஒரு பிரதியை அனுப்பியிருந்தார். பன்னிரண்டு பேருக்கு மூன்று நாள் என்று முப்பத்தாறு எண்கள் இருக்க வேண்டும், முப்பத்தைந்துதான் இருக்கின்றன. விடுபட்ட கட்டத்தில் ஒரு நட்சத்திரம், அடியில் சிறிய எழுத்தில், மாதிரி சலவை செய்யப்பட்டுவிட்டது என்று ஒரு குறிப்பு. துவைக்கிறவர்களுக்கு ஒரு பக்கம் தனியாக இருக்கிறது. அதில் பெயர் இல்லை, எண்கள்தான். அண்ணி ஏழாம் எண்.

மருந்துக்கு அனுமதி புதுப்பித்துவிட்டார்கள். முதுகு டேங்கில் அடிக்கிறவர் முதுகில் தண்ணீர் ஊறாத துண்டு கட்டிக்கொள்ள வேண்டும், வேலைத் துணியைத் தனியாக, உறை போட்டுத் துவைக்க வேண்டும் என்று டப்பாவில் இரண்டு வரி சேர்த்திருக்கிறார்கள். எழுத்து பொடிசு. அண்ணன் மூக்குக்கண்ணாடி போட்டுத்தான் படித்தார். துண்டு கட்டினால் வேர்க்கிறது என்று சில நாள் கட்டுவதில்லை. துணியை அவரே துவைத்துக்கொள்கிறார், பிழியவும் கற்றுக்கொண்டார்.

அண்ணி காலை ஆறரைக்கு விடுதிக்குக் கிளம்புகிறார். மாவு பிசைகிற இடத்தில் தற்காலிகமாக வந்தவரே இருக்கிறார். அண்ணிக்குக் காய்கறி நறுக்கும் மேஜை கொடுத்திருக்கிறார்கள். வலது கை முழுக்க ஆறிவிட்டது. இடது கையில் கட்டைவிரலும் அதற்கடுத்த விரலும் குளிர் வந்தால் இன்னும் வெடிக்கின்றன. அது எதனால் என்று டாக்டருக்கும் தெரியவில்லை, மேடத்துக்கும் தெரியவில்லை.